மோட்டார் சைக்கிள் வளைவோட்டம்: கெடா தோட்டப்புறங்களும் பட்டணங்களும்

வேகத்தையும் செல்லும் தடத்தையும் கட்டுக்குள் வைத்து, வண்டியைச் சாய்த்து வளைவுக்குள் நுழைந்து, நிமிர்த்தி வெளியே கொண்டுவரும் திறன் வளைவோட்டம் எனப்படும். இளைஞர் பேச்சில் இது ‘கோனர் எடுப்பது’. மலேசியச் சாலைகளில் உயிரிழப்போரில் பாதிக்கும் மேலானோர் மோட்டார் சைக்கிளில் செல்பவர்கள் என்பதால், இத்திறனை வெறும் விளையாட்டாக ஒதுக்க முடியாது. சுங்கை பட்டாணி, பீடோங், பாடாங் செராய், கூலிம், பாலிங் வட்டாரத் தோட்டங்களில் வளரும் பிள்ளைகள் பலர் முதலில் வண்டி பழகுவது செம்மண் பாதையில். அந்த மண் கற்றுத்தரும் பழக்கங்களில் சில தார்ச்சாலை வளைவில் ஓட்டுநருக்கே எதிராகத் திரும்புகின்றன. புதியவர்களின் பயத்துக்கும், சில வேளைகளில் அவர்களின் அசட்டுத் துணிச்சலுக்கும், இதுவே முக்கியக் காரணம் எனலாம்.

இங்கே பெரும்பாலோர் ஓட்டுவது கப்சாய். 1958இல் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப்பின் வழிவந்த சிறுவண்டி இது. ஹோண்டா இஎக்ஸ்5, யமஹா எல்சி135, கெடாவின் குரூணில் 1990களில் தொடங்கிய மொடேனாஸ் ஆலையின் கிரிஸ் ஆகியவை வீட்டுக்கு வீடு தெரிந்த பெயர்கள். எடை குறைவு, 17 அங்குலச் சக்கரம், ஒல்லியான டயர். எளிதாகச் சாயும், அதே வேளையில் சிறு கல்லுக்கும் பள்ளத்துக்கும் சட்டென அசைந்து கொடுக்கும். ‘கப்சாயில் கோனர் எடுக்க முடியாது’ என்று சிலர் சொல்வது தவறு. 1990கள் முதல் நடந்துவரும் கப் பிரி பந்தயங்களில் இவ்வகை வண்டிகள்தாம் வளைவுகளில் தரையை ஒட்டிச் சாய்கின்றன; 2018இல் மோட்டோ ஜிபியில் ஓட்டிய ஹஃபிஸ் ஷாரினும் அந்தப் பந்தயங்களில் வளர்ந்தவர்தான். புதிய ஓட்டுநரின் இடர்ப்பாடு வண்டியின் எல்லையில் இல்லை, அதை அவர் கையாளும் வரிசையில் இருக்கிறது.

செம்மண்ணில் முன்பிரேக்கை அழுத்தினால் முன்சக்கரம் வழுக்கும். ஆகவே, ‘முன்பிரேக்கத் தொடாதே தம்பி, கால் பிரேக்க மட்டும் பிடி’ என்று சொல்லியே பெரியவர்கள் பழக்கிவிடுகிறார்கள். அந்த மண்ணுக்கு அது சரியான அறிவுரை. தார்ச்சாலையில் நிலைமை வேறு. பிரேக் பிடிக்கையில் வண்டியின் பாரம் முன்சக்கரத்துக்கு இறங்குகிறது. நிறுத்தும் வேலையின் பெரும்பங்கை முன்பிரேக்கே செய்கிறது. பின்பிரேக்கை மட்டும் நம்புகிறவர் வேகம் போதுமான அளவு குறையாமலேயே வளைவுக்குள் போய்விடுகிறார். இரண்டாவது பழக்கம் கண் சார்ந்தது. கல்லையும் குழியையும் தவிர்க்க, மண்பாதையில் சக்கரத்துக்கு முன்னாலேயே பார்க்க வேண்டியிருக்கிறது. அதே பார்வை தார்ச்சாலைக்கு வரும்போது வளைவு எங்கே முடிகிறது என்பது தெரியாமல் போகிறது. எல்லாம் திடீரென்று வருவதுபோல் தோன்றுகிறது. பயத்தின் பெரும்பகுதி இந்தக் குறுகிய பார்வையிலிருந்து வருவது.

வளைவில் வண்டி ஏன் சாய வேண்டும் என்பதை எண்களில் பார்ப்பது பயன்தரும். 30 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை மணிக்கு 40 கிலோமீட்டரில் கடக்க ஏறத்தாழ 23 பாகை சாய்வு போதும். 50இல் அது 33 பாகை. 60இல் 43 பாகை. டயர் தாங்க வேண்டிய பக்கவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், 40இலிருந்து 60க்குப் போகிறவர் டயரிடம் இரண்டேகால் மடங்கு பிடிப்பைக் கேட்கிறார். நல்ல தார், உலர்ந்த நாள், புது டயர் என்றால் 23 பாகை ஒரு பொருட்டே அல்ல. 43 பாகையோ சாதாரண டயரின் எல்லையைத் தொட்டுவிடும். மழையில் அந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். ‘பத்து கிலோமீட்டர்தானே கூட’ என்ற நினைப்பு வளைவில் பொருந்தாததற்கு இதுவே காரணம்.

சாய்ப்பது எப்படி என்பதில்தான் பலருக்குக் குழப்பம். நடைவேகத்தைத் தாண்டிவிட்டால், இடப்பக்கம் திரும்ப இடக்கைப் பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். முன்சக்கரம் ஒரு கணம் வலப்பக்கம் போக, வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பத் தொடங்கும். பல ஆண்டுகளாக ஓட்டுகிறவர்கள் இதை அறியாமலே செய்கிறார்கள். அறிந்து செய்யப் பழகிய புதியவருக்கு இது பெரிய துணை. வளைவு நினைத்ததைவிட இறுகும்போது உடம்பை ஆட்டித் தவிக்காமல், அதே கையை இன்னும் சற்றுத் தள்ளினால் போதும் என்ற தெளிவு அவருக்கு இருக்கும்.

ஒரு வளைவுக்குரிய வரிசை இது. வண்டி நேராக இருக்கும்போதே முன்பிரேக்கை முதலில் மெதுவாகவும் பிறகு அழுத்தமாகவும், பின்பிரேக்கை இலேசாகவும் பிடித்து வேகத்தைக் குறைக்க வேண்டும். கியரையும் அங்கேயே இறக்கிவிட வேண்டும். பெரும்பாலான கப்சாய்களுக்குக் கைக்கிளட்ச் கிடையாது. மிதியை அழுத்தும்போது கிளட்ச் விடுபட்டு, காலை எடுத்ததும் பிடித்துக்கொள்ளும். சாய்ந்திருக்கும் நிலையில் கியரை இறக்கிக் காலைச் சட்டென்று எடுத்தால் பின்சக்கரம் வெட்டி இழுக்கும். பலர் ‘வண்டி தானா சறுக்கிடுச்சு’ என்று சொல்லும் விழுதல்களில் சில இப்படி நேர்பவை. வேகமும் கியரும் தீர்ந்த பின், முகத்தை வளைவின் வெளிவாயை நோக்கித் திருப்பி, பிடியைத் தள்ளிச் சாய்த்து, வலக்கையைச் சீராக, மிகச் சிறிதளவே முறுக்கிக்கொண்டு போக வேண்டும். பாதி வளைவில் பயந்து முன்பிரேக்கை இறுக்கினால் வண்டி நிமிர்ந்து நேரே ஓடப் பார்க்கும். ஈரத்திலோ மணலிலோ முன்சக்கரமே போய்விடும்.

மலேசியாவில் இடப்பக்கம் ஓட்டுவதால், இரு வகை வளைவிலும் ஆபத்து ஒன்றல்ல. இடவளைவில் வேகம் மிஞ்சினால் எதிர்த்தடத்துக்குள் தள்ளப்படுவோம். வலவளைவில் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்கிறவரின் சக்கரம் தன் தடத்தில் இருந்தாலும், தலை கோட்டைத் தாண்டி எதிரே வரும் லாரியின் வழியில் நீட்டிக்கொண்டிருக்கும். பாலிங் பக்கம் மலையடிவாரச் சாலைகளில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

கெடாவின் தரைக்கென்று சில குணங்கள் உண்டு. ரப்பர் தோட்டங்களின் ஓரம் செல்லும் சாலையில் கொட்டை உதிரும் காலத்தில், வழவழப்பான அந்தக் கொட்டைகள் டயருக்கடியில் உருளும். செம்பனைத் தோட்டத்தில் பாதைகள் செங்கோணமாக வெட்டிக்கொள்கின்றன. தாழ்ந்த மட்டைகள் மறைப்பதால், குலை ஏற்றிய டிராக்டர் முனைக்கு வந்த பிறகே கண்ணில் படும். அதன் சக்கரங்கள் தார்ச்சாலையில் ஏறும் இடமெல்லாம் செம்மண் படிந்திருக்கும். தூறல் விழுந்தால் அதுவே சேறு. அலோர் ஸ்டாரைச் சுற்றிய மூடா வயல்வெளியில் வாய்க்கால் ஓரச் சாலைகள் நெடுந்தூரம் நேராக ஓடிவிட்டு, திடீரென மடங்கும். அறுவடை நாளில் இயந்திரங்கள் உதறிய மண் அந்த முனைகளிலேயே கிடக்கும். நீண்ட வறட்சிக்குப் பின் பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்களில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் மிதந்து வழுக்கும். 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையில் இறங்கும்போது டிரம் பிரேக்கை விடாமல் பிடித்தால் அது சூடேறித் தளர்ந்துவிடும். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்திருக்கும்படி இறங்குவது முறை.

பயிற்சிக்கு நெடுஞ்சாலை தேவையில்லை. ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், தார் போட்ட வாகன நிறுத்துமிடம் ஒன்று போதும். முதலில் நேர்க்கோட்டில் முன்பிரேக்கைப் படிப்படியாக அழுத்தி நிறுத்திப் பழகினால், அதைப் பற்றிய பயம் விடும். பிறகு பெரிய வட்டம், அதைச் சிறிதாக்குவது, எட்டு வடிவம். வட்டத்தில் தரையைப் பார்க்காமல், எதிர்ப்பக்கம் எங்கே வந்து சேரப்போகிறோமோ அந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இதை ஒருமுறை உணர்ந்தவர் வித்தியாசத்தை உடனே காண்பார்: கை தானே தளரும், வண்டி தானே திரும்பும். பி2 உரிமம் 16 வயதில் எடுக்கலாம். அது 250 சிசி வரை ஓட்ட இடம் தருகிறது. தேர்வில் ஒடுங்கிய மேடையில் சமநிலை காத்து ஓட்டுவதும் பிறவும் மெதுவான ஓட்டத்தையே சோதிக்கின்றன. அவை நல்ல அடித்தளம்தான். ஆனால் 60 கிலோமீட்டர் வேகத்தில் சாலை வளைவை எப்படிக் கணிப்பது என்பதைத் தேர்வு மைதானத்தால் காட்ட முடியாது. உரிமம் கைக்கு வந்த பிறகும் அனுபவமுள்ள அண்ணனோ அப்பாவோ முன்னே மெதுவாக ஓட்ட, பின்தொடர்ந்து பழகுவது மிக நல்லது.

இத்தனைக்கும் அடியில் இருப்பது டயர். காற்று குறைந்தால் திருப்பம் கனக்கும், கூடினால் பிடிப்பு குறையும். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். பின்னால் ஆளோ அரிசி மூட்டையோ ஏறினால் முன்பக்கம் இலேசாகி, வண்டி வளைவில் வெளியே ஓடப் பார்க்கும். நுழையும் வேகத்தை அதற்கேற்பக் குறைக்க வேண்டும். 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார் சைக்கிள்களுக்கு 2025 முதல் பூட்டுத்தடுப்பு பிரேக் கட்டாயம் என மலேசிய அரசு அறிவித்தது. தோட்டப்புறத்தில் ஓடும் 100, 110 சிசி கப்சாய்கள் அதில் அடங்கவில்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் வேலை அவற்றில் இன்றும் ஓட்டுபவரின் விரல்களுக்கே உரியது.