புத்தூர்ச் சந்தியும் வீதிப் பாதுகாப்பும்: ஒரு வரலாற்று நோக்கு

வீதிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை அமைத்தவர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. எந்த ஆண்டில் கல் பரவப்பட்டது, எந்த ஆண்டில் தார் இடப்பட்டது, அகலம் எவ்வளவு கூட்டப்பட்டது என்பனவே அவ்வரலாற்றின் அத்தியாயங்களாகும். வீதியைக் குறுக்கே கடந்தவர் யார், எத்துணைப் பாதுகாப்புடன் கடந்தார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் கிழக்கிலுள்ள புத்தூர் இவ்வினாவை எழுப்புதற்கு ஏற்றதோர் ஊராகும்.

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருவீதி கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி ஆகிய ஊர்களைக் கடந்து புத்தூரை அடைகின்றது. பின்னர் ஆவரங்கால் வழியாக வல்லை வெளியை நோக்கிச் செல்கின்றது. மேற்கே நிலாவரைக் கிணற்றைக் கடந்து சுன்னாகத்திற்கும், கிழக்கே நீரேரியைத் தாண்டித் தென்மராட்சியின் மீசாலைக்கும் புத்தூரிலிருந்து வீதிகள் செல்கின்றன. புகையிலையும் வெங்காயமும் வாழையும் விளையும் செம்மண் ஊர்களை நகரத்தோடும் வடமராட்சியோடும் தென்மராட்சியோடும் இணைக்கும் இடமாகப் புத்தூர் விளங்குவதற்கு இவ்வமைவே காரணமாகும்.

ஆங்கிலேயராட்சியில் வீதிக்கும் குடிமக்களுக்கும் இடையிலான உறவு உழைப்புக் கடமையின் மேல் அமைந்திருந்தது. 1848ஆம் ஆண்டின் வீதிச் சட்டம், வயதுவந்த ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்தல் வேண்டும், அன்றேல் 3 சிலிங் செலுத்துதல் வேண்டும் என விதித்தது. அவ்வாண்டு மாத்தளைப் பகுதியில் மூண்ட கிளர்ச்சிக்கு இச்சட்டமும் ஒரு காரணமாயிற்று. எனினும், 1861ஆம் ஆண்டின் சட்டமும் இம்முறையையே தொடர்ந்தது. 1829 முதல் 1867 வரையான காலத்தின் பெரும்பகுதியில் யாழ்ப்பாணத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்தவர் பேர்சிவல் அக்லண்ட் டைக் என்பவராவார். அவர் காலமானதும் இதே பருத்தித்துறை வீதியிலுள்ள கோப்பாயிலேயாம். அக்காலத்து வீதியிற் சென்றவை மாட்டு வண்டிகள். வண்டியின் வேகமும் நடப்பவரின் வேகமும் பெரிதும் வேறுபடவில்லை. ஆதலின் சந்திக்கெனத் தனியான திட்டம் எதுவும் தேவைப்படவில்லை. வண்டிக்காரனின் குரலே போதுமானதாயிருந்தது.

மோட்டார் ஊர்தி இச்சமநிலையைக் குலைத்தது. 1896ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17ஆம் நாள் இலண்டனில் பிறிட்ஜெற் டிறிஸ்கொல் என்னும் பெண் மோட்டார் ஊர்தியால் மோதுண்டு இறந்தார். பிரித்தானியாவில் மோட்டார்க் காரினால் உயிரிழந்த முதற் பாதசாரி அவரே. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் மோட்டார்ப் போக்குவரத்துச் சட்டமும், 1958 ஜனவரி 1இல் தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபையும் புதிய காலத்தின் தேவைகளுக்கு ஏற்ப எழுந்தவை. 1977இன் பின்னர் இறக்குமதி தளர்த்தப்பட்டமையால் ஊர்திகள் பெருகின. ஆனால் சந்திகளோ வண்டிப் பாதைகள் கூடிய வடிவிலேயே பெரும்பாலும் நிலைத்தன.

1990இன் பின்னர் எரிபொருட் தடை குடாநாட்டின் வீதிகளை மீண்டும் துவிச்சக்கர வண்டிகளிடம் ஒப்படைத்தது. மண்ணெண்ணெயில் ஓடிய சில ஊர்திகளைத் தவிர வேகமென்பது அரிதாயிற்று. போர் விளைத்த பெருந்துயரின் நடுவே நேர்ந்த இம்மாற்றத்தை ஒரு பேறெனக் கொள்ளல் தகாது. ஆயினும், ஒரு தலைமுறை மெதுவான வீதியிலேயே வீதியொழுக்கத்தைக் கற்றது என்பது கருதற்பாலது. 2009க்குப் பின்னர் பருத்தித்துறை வீதி அகலமாக்கப்பட்டுக் காப்பற் வீதியாயிற்று. குறுகிய காலத்தில் மோட்டார்ச் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் பெருகின. பனையோலை வேலிகள் மதில்களாக மாறியமையால் ஒழுங்கைகளிலிருந்து வெளிவருவோரின் பார்வையும் மறைந்தது.

வீதி சீரடைந்தால் விபத்துக் குறையுமென்பது பொதுவான நம்பிக்கை. பௌதிகவியலோ வேறு கூறுகின்றது. மணிக்கு 40 கிலோமீற்றராயிருந்த வேகம் 60 ஆகும்போது, மோதலின் ஆற்றல் இரு மடங்கிற்கும் மேலாகின்றது. சந்தியின் வடிவமும் இங்கு முக்கியமானது. நான்கு வீதிகள் நேரே குறுக்கிடும் சந்தியில் ஊர்திகளின் பாதைகள் ஒன்றோடொன்று முரண்படும் புள்ளிகள் 32 எனப் பொறியியலாளர் கணிப்பர். முச்சந்தியில் அவை 9. ஒற்றை ஓடுபாதைச் சுற்றுவட்டத்தில் 8 மாத்திரமே. சுற்றுவட்டத்தினுள் இருக்கும் ஊர்திக்கே முன்னுரிமை என்னும் விதியைப் பிரித்தானியா 1966இல் நடைமுறைப்படுத்திய பின்னரே சுற்றுவட்டங்கள் செவ்வனே பயன் தரலாயின. சாலை மரணம் எதுவும் ஏற்கத்தக்கதன்று என்னும் கொள்கையைச் சுவீடன் 1997இல் சட்டமன்றத் தீர்மானமாக்கியது. இலங்கையிலோ அண்மைய ஆண்டுகளில் ஆண்டுதோறும் 2000க்கும் மேற்பட்டோர் வீதிகளில் உயிரிழந்து வருகின்றனர்.

நிர்வாகப் பிரிவினையும் தடையாகின்றது. பெருவீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், அடுத்த நிலை வீதிகள் மாகாணத்திற்கும், ஒழுங்கைகள் பிரதேச சபைக்கும் உரியன. சந்தியில் இம்மூன்றும் கூடுகின்றன. எனவே சந்தியின் பொறுப்பும் மூன்றாகச் சிதறுகின்றது. மருத்துவமனைக்குச் செல்லும் முதியோரும், ஸ்ரீ சோமாஸ்கந்தக் கல்லூரிக்குச் செல்லும் மாணவரும் இவ்வெல்லைகளை அறியார். நடைபாதை, தெளிவான கடவை, மறைப்பற்ற சந்தி மூலை, வேகத்தைத் தணிக்கும் வடிவம் ஆகியவற்றை மூன்று நிறுவனங்களும் ஒரே திட்டத்தில் வரைதல் வேண்டும். அத்திட்டம் தார் இடுவதற்கு முன்னரே வரையப்படல் வேண்டும்.

அன்று வீதிக்காக ஆண்டுக்கு 6 நாள் உழைக்குமாறு குடிமக்களைச் சட்டம் பணித்தது. அவ்வுழைப்பின் மேலெழுந்த வீதியை அவர்தம் வழித்தோன்றல்கள் அச்சமின்றிக் கடக்க வகைசெய்தல் இன்றைய திட்டமிடலின் முதற் கடமையாகும். புத்தூரின் அடுத்த வீதி மேம்பாடு, மிச்சப்படும் நிமிடங்களை மட்டுமன்றிக் காக்கப்படும் உயிர்களையும் கொண்டு அளக்கப்படல் வேண்டும்.