பாலர் போஷணையின் சரித்திரம்

பசித்த பிள்ளைக்குக் கல்வி ஏறாது என்னும் தர்ம சிந்தனை, 1956-இல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டமாகப் பரிணமித்தது. ஆயினும், தேக வளர்ச்சிக்கும் புத்தி விருத்திக்கும் பள்ளி வாசலை மிதிக்கு முன்பே அஸ்திவாரம் இடப்பட்டுவிடுகிறது என்ற உண்மையை அரசாங்கங்கள் உணர வெகுகாலம் பிடித்தது. 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் பாரதத்தின் 33 வட்டாரங்களில் தொடங்கியது. 1980-இல் உலக வங்கியின் கடனுதவியுடன் தமிழகத்தில் எழுந்த ஊட்டச்சத்துத் திட்டத்திலோ, கிராம ஊழியை மாதந்தோறும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளைத் தராசில் நிறுத்து, எடையை அட்டையில் புள்ளியிட்டுக் கோடிழுத்து, கோடு தாழ்ந்த குழந்தைக்குக் குறைந்தது 90 நாட்கள் சத்துருண்டை அளித்து, தாய்க்கும் போதனை செய்தாள். கடும் ஊட்டக்குறைவு கணிசமாகத் தணிந்தது. ஆகவே, மழலைப் பருவத்துக்கான நிதியை எந்த அரசாங்கமும் தானமாகக் கருதாமல், தேசத்தின் முதல் மூலதனமாகவே ஒதுக்குதல் வேண்டும்.