பயபக்தி: அச்சமும் வணக்கமும் கூடிய ஒரு சொல்

தமிழ்க் கிறித்தவர்களின் வேதாகமத்திலும் மறையுரைகளிலும் பழகிப்போன ‘பயபக்தி’ என்னும் சொல், பார்வைக்கு எளிய கூட்டுச்சொல்லாக இருந்தாலும், கடவுளிடம் மனிதன் கொள்ள வேண்டியது அச்சமா வணக்கமா என்ற பழைய வினாவுக்குத் தமிழ் கண்ட விடையைத் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது. சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் அமைந்த கோவளத்தில், போர்த்துகீசிய வணிகர் ஜான் டி மான்டே 1808இல் எழுப்பிய கார்மேல் அன்னை ஆலயமும், தமீம் அன்சாரி தர்காவும், கடலை நம்பி வாழும் மீனவர் குடியிருப்புகளும் ஒரே கரையில் இருப்பதால், அச்சத்தையும் வணக்கத்தையும் பற்றிய சொற்கள் எவ்வாறு பொருள் பெற்று வளர்ந்தன என்பதை அவ்வூரை மனத்தில் நிறுத்தி ஆராய்வது பொருத்தமாகும்.

‘பயம்’ என்பது வடமொழிச் சொல்லாகிய ‘பய’ என்பதிலிருந்து வந்தது. சங்க இலக்கியத்தில் ‘பயம்’ என்ற வடிவம் உண்டெனினும், அங்கு அது பயன், விளைவு, நீர், பால் ஆகியவற்றைக் குறிக்கும் வேறொரு தமிழ்ச்சொல். அச்சத்தோடு அதற்குத் தொடர்பில்லை. அச்சத்தைக் குறிக்கப் பழந்தமிழுக்குச் சொற்பஞ்சம் இருந்ததில்லை. பே, நாம், உரும் என்பவற்றை அச்சப்பொருள் தரும் உரிச்சொற்களாகத் தொல்காப்பியம் குறிப்பிடுகிறது. அந்நூலின் மெய்ப்பாட்டியல், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் முறையைக் கூறும் பகுதி, அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சுட்டுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இவற்றுள் விலங்கும் கள்வரும் தீங்கு செய்வதால் அஞ்சப்படுபவை. அணங்கும் இறையும் அதனால் மட்டும் அஞ்சப்படுபவை அல்ல. அணங்கு என்பது மனிதனைத் தாக்கி வருத்தவல்ல தெய்வ ஆற்றல். இறை என்பது அங்கு அரசனையோ தலைவனையோ குறிப்பது. ஆகவே தாக்கவரும் புலியிடம் தோன்றும் நடுக்கமும், உயர்ந்தோன் முன்னிலையில் தோன்றும் ஒடுக்கமும் ஒரே பெயரின்கீழ் வைக்கப்பட்ட வழக்கம் கிறித்தவம் இந்நாட்டுக்கு வந்த பின் உண்டானதன்று.

‘இறை’ என்ற சொல் பிற்காலத்தில் அரசனிடமிருந்து கடவுளுக்குப் பெயர்ந்தபோது ‘இறையச்சம்’ என்ற தொடரும் தெய்வத்தின்பால் கொள்ளும் அச்சத்தைக் குறிப்பதாயிற்று. தமிழ் முஸ்லிம்கள் ‘தக்வா’ என்னும் அரபுச் சொல்லுக்கு ஈடாக இதையே வழங்குகின்றனர். அந்த அரபுச் சொல்லின் வேரோ அஞ்சுதலைக் காட்டிலும் தன்னைக் காத்துக்கொள்ளுதல் என்னும் பொருளுக்கே நெருக்கமானது.

கூட்டுச்சொல்லின் மறுபாதியாகிய ‘பக்தி’, பங்குகொள்ளுதல் என்ற பொருளுடைய வடமொழி வேரில் பிறந்து, தேவாரத்திலும் திவ்யப் பிரபந்தத்திலும் ‘பத்தி’, ‘பத்தர்’ என்ற வடிவங்களில் தமிழ்க்குரல் பெற்றது. பக்தி இயக்கம் அச்சத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. திருவாசகத்தின் அச்சப்பத்தில் மாணிக்கவாசகர் பாம்பு முதலாக உலகம் அஞ்சுவனவற்றையெல்லாம் அடுக்கி, அவற்றுக்குத் தாம் அஞ்சுவதில்லை என்றும், சிவனிடம் அன்பில்லாதவரைக் காணவே அஞ்சுவதாகவும் பாடுகிறார். அன்பு முழுமையடைந்த இடத்தில் அச்சம் இல்லாமற்போகவில்லை, தான் நோக்கும் பொருளையே மாற்றிக்கொள்கிறது என்ற இக்கருத்து, கிறித்தவ இறையியலார் வேறொரு வழியில் வந்தடைந்த முடிபோடு வியக்கத்தக்க அளவில் ஒத்துப்போகிறது. பயமும் பக்தியும் என விரியும் உம்மைத்தொகையாகிய பயபக்தி, தெலுங்கிலும் கன்னடத்திலும்கூடச் சிறு வடிவ மாற்றத்துடன் வழங்குவதால், இதனைத் தமிழ்க் கிறித்தவரின் தனிப்படைப்பு என்று கூறுதல் இயலாது. சமய எல்லைகளைக் கடந்த பொதுவழக்கைக் கிறித்தவர்கள் தம் மறைநூலுக்காக எடுத்துக்கொண்டனர்.

அவர்களின் முதல் தேர்வு பயம் அன்று என்பது குறிப்பிடத்தக்கது. என்ரிக்கே என்ரீக்கசு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட தமிழ் நூலுக்கு ‘தம்பிரான் வணக்கம்’ என்றும், மறு ஆண்டு கொச்சியில் வெளிவந்த நூலுக்கு ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்றும் பெயர் அமைந்தது. போதனை எனப் பொருள்படும் மூலத்தலைப்பின் இடத்தில் ‘வணக்கம்’ அமர்த்தப்பட்டிருப்பது, சமயம் என்றாலே வளைந்து பணியும் செயல் என்று கரையோர மக்கள் கொண்டிருந்த புரிதலை அடியொற்றியதாகலாம்.

அச்சமா வணக்கமா என்ற சிக்கல் முழு அளவில் எழுந்தது வேதாகமத்தைப் பெயர்த்தபோதுதான். எபிரேய மொழியில் ‘யிர்ஆ’ என்ற ஒரே சொல் நடுக்கத்தையும் வணக்கத்தையும் குறிக்கும். சீனாய் மலையில் இடியும் புகையும் கண்டு ஒதுங்கிநின்ற மக்களிடம் மோசே பயப்படாதிருக்கச் சொல்வதும், கடவுளைப் பற்றிய பயம் அவர்களுக்கு முன்பாக இருக்க வேண்டும் என்பதும் யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் ஒரே வசனத்திலேயே, ஒரே வேர்ச்சொல்லைக்கொண்டே வருகின்றன. விலக்கப்பட்ட பயம் மனிதனைக் கடவுளிடமிருந்து விலக்குவது. கட்டளையிடப்பட்டதோ அவர் முன்னிலையில் நிறுத்துவது.

தமிழில் இவ்வேறுபாட்டை உணர்த்த வேற்றுமை உருபு ஓரளவு உதவுகிறது. அச்சப்பொருள் தரும் சொற்கள் ஐந்தாம் வேற்றுமையையும் இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும் என்பது தொல்காப்பிய விதி. ‘பழியின் அஞ்சும்’, ‘பழியை அஞ்சும்’ என்பன உரையாளர் காட்டும் எடுத்துக்காட்டுகள். நீக்கப்பொருளுக்குரிய ஐந்தாம் வேற்றுமை, அஞ்சுபவன் அஞ்சப்படுவதிலிருந்து விலகுவதைக் காட்டும். கிறித்தவத் தமிழில் நிலைபெற்றதோ ‘கர்த்தருக்குப் பயப்படுதல்’ என்ற நான்காம் வேற்றுமைத் தொடர். அது கர்த்தருக்குப் பணிதல், கர்த்தருக்கு ஊழியம் செய்தல் என்பவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது. பாம்புக்கும் பயப்படுகிறோம் ஆதலின் உருபை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. எனினும் ‘அப்பாவுக்குப் பயந்த பிள்ளை’ என்பதற்கும் ‘அப்பாவைக் கண்டால் பிள்ளைக்குப் பயம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு தமிழ் பேசும் எவருக்கும் விளங்கும். முன்னது அடக்கத்தைப் பாராட்டுவது, பின்னது அந்த வீட்டைப் பற்றிக் கவலைப்பட வைப்பது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் அச்சத்துக்குரிய பொதுச்சொல் ‘ஃபோபோஸ்’. அதனினும் நுண்ணிய மற்றொரு சொல் ‘யூலாபெயா’. உயர்ந்த ஒன்றைக் கையாள்பவன் காட்டும் விழிப்பையும் கவனத்தையும் குறிக்கும் இச்சொல் எபிரெயர் நிருபத்தில் வரும்போது, தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பு ‘பயபக்தி’யைக் கையாள்கிறது. பேழையைக் கட்டிய நோவாவின் மனநிலைக்கும், கண்ணீரோடு வேண்டுதல் செய்த இயேசுவின் மனநிலைக்கும் அங்கு அதுவே பெயர். இயேசு தம் தந்தையைக் கண்டு நடுங்கினார் என்று எந்தக் கிறித்தவரும் சொல்லத் துணியார்; ஆகவே அந்த ஓரிடமே பயபக்தியை நடுக்கத்திலிருந்து பிரித்துக் காட்டப் போதுமானது.

இதனினும் வியப்பூட்டுவது ஏசாயா பதினோராம் அதிகாரத்தின் மொழிபெயர்ப்பு வரலாறு. ஈசாயின் அடிமரத்திலிருந்து தோன்றுபவர்மீது தங்கும் ஆவியின் இயல்புகளைக் கூறும் அப்பகுதியின் எபிரேய மூலத்தில், கடவுளைப் பற்றிய அச்சம் அடுத்தடுத்த இரு வசனங்களிலும் அதே சொல்லாகவே வருகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே யூதர்கள் செய்த கிரேக்க மொழிபெயர்ப்பு முதலிடத்தில் பக்தி எனப் பொருள்படும் ‘யூசெபெயா’வையும், இரண்டாம் இடத்தில் அச்சத்துக்குரிய ‘ஃபோபோஸை’யும் வைத்தது, இலத்தீன் மொழிபெயர்ப்பும் அவ்வாறே சென்றது. இதனால் மூலத்தில் ஆறாக இருந்த கொடைகள் ஏழாகி, கத்தோலிக்க ஞானோபதேசத்தில் தூய ஆவியின் ஏழு கொடைகள் என்ற பட்டியல் உருவாயிற்று. அப்பட்டியலின் பழைய தமிழ் வடிவில் கடைசி இரண்டு கொடைகள் ‘பக்தி’, ‘தெய்வபயம்’ என்பன. கோவளம் போன்ற பங்குகளில் உறுதிபூசுதலுக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் தனித்தனியே மனப்பாடம் செய்யும் அவ்விரண்டும் ஒரே எபிரேயச் சொல்லின் இரு பெயர்ப்புகளே. மொழிபெயர்ப்பாளர் பிரித்ததைத் தமிழ் வழக்கு அறியாமலே மீண்டும் ஒன்றுசேர்த்தது. அவ்வாறு சேர்ந்த சொல்தான் பயபக்தி.

இறையியலாரும் இதே பிரிவினையோடு போராடினர். முழுமையான அன்பு அச்சத்தை வெளியேற்றும் என்று யோவானின் முதல் கடிதம் சொல்ல, கடவுளைப் பற்றிய அச்சம் என்றென்றும் நிலைக்கும் என்று சங்கீதம் சொல்வதை எவ்வாறு பொருத்துவது என்பது புனித அகுஸ்தீனின் வினா. ஊசி நுழையாமல் நூல் நுழையாது, ஆனால் ஊசி துணியிலேயே தங்கிவிட்டால் தையல் நடவாது என்ற உவமையால், தண்டனையைப் பற்றிய அச்சம் அன்புக்கு வழிவிட்டு வெளியேறுவதை அவர் விளக்கினார். நிலைப்பதோ கடவுளை இழந்துவிடக் கூடாதே என்னும் தூய அச்சம். புனித தாமஸ் அக்குவினாஸ் முன்னதை அடிமைக்குரிய அச்சம் என்றும் பின்னதைப் பிள்ளைக்குரிய அச்சம் என்றும் வகைப்படுத்தினார். தமிழ்க் கத்தோலிக்கரின் ‘உத்தம மனஸ்தாப மந்திரம்’ இவ்வகையீட்டை எதிரொலிக்கிறது: பாவத்துக்காக வருந்தும் செபமாகிய அது, நரகத்திலிருந்து அன்றி, கடவுளின் அளவில்லாத நன்மையிலிருந்தே தொடங்குகிறது.

சொல்லின் இவ்வரலாற்றைக் கண்ணால் காணத்தக்க பொருள் ஒன்றும் கோவள ஆலயத்தின் பெயரோடு இணைந்துள்ளது. கார்மேல் அன்னையைத் தமிழர் ‘உத்தரிய மாதா’ என்றும் அழைப்பர்; ஜூலை 16 அவருடைய திருநாள். உத்தரியம் என்பது தோளில் இடும் மேலாடைக்கு வடமொழிப் பெயர். துறவியரின் ஆடைமீது முன்னும் பின்னும் தொங்கும் நீண்ட துணிக்கு அது பெயராகி, பின் அதன் சிற்றுருவாகிய, நாடாக்களால் இணைத்த இரு சிறு பழுப்புநிறக் கம்பளித் துண்டுகளுக்கும் பெயராயிற்று. அவற்றுள் ஒன்று மார்பிலும் மற்றது முதுகிலும் கிடக்கும். அன்னையின் பணிவிடைக்குத் தன்னை ஒப்புக்கொடுத்ததன் அடையாளமாக அணிய வேண்டியதை, நரகத்துக்கும் விபத்துக்கும் காப்பாகத் தாயத்துபோல் அணிவோரும் உண்டு. துணி ஒன்றே, அணிபவரின் உள்ளத்தைப் பொறுத்து அது அடிமையின் அச்சத்துக்கும் பிள்ளையின் அச்சத்துக்கும் அடையாளமாகிறது.

தமிழ்நாட்டில் மேலாடைக்கு இன்னொரு வரலாறும் உண்டு. ஊர்ப் பெரிய தனக்காரர் எதிரே வந்தால் ஒடுக்கப்பட்ட சாதியார் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்ட வேண்டும் என்பது பல ஊர்களில் நடந்த கொடுமை. அதே செயல் கோயில் சந்நிதியில் ஆண்கள் மனமுவந்து செய்யும் பணிவு. மனிதன் மனிதனிடம் அச்சுறுத்திப் பெற்ற சைகையே தெய்வத்துக்கும் உரியதாக இருந்தமையால், தெய்வபயம் என்றவுடன் ஆண்டையின் நினைவு எழுவோரைக் குறை சொல்ல இடமில்லை. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் ‘பயம்’ என்பதை விலக்கி ‘அச்ச உணர்வு’ போன்ற தூய தமிழ்த் தொடர்களை நாடியபோதும் இந்தச் சுமை முற்றிலும் நீங்கிவிடவில்லை. அச்சம் என்பதும் பயத்தின் மறுபெயரே.

கடற்கரைக்கு மேலும் பொருந்துவது ‘மரியாதை’ என்ற சொல். வடமொழியில் ‘மர்யாதா’ என்பது எல்லை, கரை என்றே பொருள்படும். கடந்துபோகாத எல்லையே நடத்தையில் மரியாதை ஆயிற்று. எரேமியா ஐந்தாம் அதிகாரத்தில் கடவுள், தமக்கு அஞ்சாத மக்களிடம், கடலுக்கு மணலை எல்லையாக வைத்தவர் தாம் என்று நினைவூட்டுகிறார். அலைகள் எவ்வளவு கொந்தளித்தாலும் அந்த எல்லையைக் கடப்பதில்லை என்பது அவர் காட்டும் சான்று. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் அந்த எல்லை உடைந்ததைக் கண்ட கரையில் இவ்வசனத்தை எளிதாகப் படித்துவிட்டுப் போக முடியாது. ஆயினும் கடலுக்கு அஞ்சி மீனவர் கடலைவிட்டு ஓடிவிடவில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் கவனித்து, கடலின் குறிப்பறிந்து, மீண்டும் அதில் இறங்கினர். யூலாபெயா என்ற கிரேக்கச் சொல்லின் விழிப்புக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் அகராதிகளில் கிடைப்பது அரிது.

ஞானோபதேச வகுப்பெடுப்போரும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரும் பக்தியையும் தெய்வபயத்தையும் இரண்டு கொடைகளாக ஒப்பிக்கச் செய்வதோடு நின்றுவிடாமல், அவை ஒரே சொல்லிலிருந்து பிரிந்தவை என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ‘சாமி கண்ணைக் குத்தும்’ என்று மிரட்டி வளர்ப்பதை அதன்பின் ஆசிரியர்களும் வீட்டாரும் கைவிட வேண்டும்.