உட்காரும் உரிமை

ஜவுளிக்கடையில் நாம் சாவதானமாக உட்கார்ந்துகொண்டு, முப்பது புடவைகளைப் பிரித்துப் போடச் சொல்லுகிறோம். பிரித்துப் போடுகிற பெண்ணுக்கு ஆசனம் உண்டா என்று கேட்டதுண்டா?

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி பார்லிமெண்டு வரை போயிற்று. மூன்று பெண் சிப்பந்திகளுக்கு ஓர் ஆசனமாவது போட வேண்டும் என்று 1899-ல் சட்டம் வந்தது. ஒருத்தி உட்கார, இருவர் நிற்கலாம்! சென்னை மாகாணத்தின் 1947-ஆம் வருஷத்துக் கடைகள் சட்டம் வேலை நேரத்தையும் வார விடுமுறையையும் கவனித்தது, கால்களை மறந்துவிட்டது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்களே கிளர்ச்சி செய்தார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருந்தியது. தமிழ்நாட்டில் 2021-ல் திருந்தியது.

சட்டம் ஆசனத்தைப் போடும். ஆனால் நாம் நுழைந்ததும் அவள் பதறி எழுந்திருக்கிறாளே, அந்தப் பயத்தை எந்தச் சட்டம் போக்கும்?