ரேகை

1920 ஏப்ரல் 3. உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். ஒருத்தி பெண், மாயக்காள். குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி விரல் ரேகை பதிய மாட்டோம் என்றதுதான் அந்தக் கள்ளர் கிராமம் செய்த குற்றம். இறந்தவர்களுக்கு ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது. நான் பேச விரும்புவது ரேகை வைத்தவர்களைப் பற்றி.

1871-இல் பிறந்த சட்டம் 1911-இல் புதுப்பிக்கப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றார்கள். பதிவானவன் இரவில் போலீஸ் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். துப்பாக்கிச் சூடு ஒரு நாளில் முடிந்தது. சாவடி தினமும் நடந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்கிற ராத்திரியிலும் தகப்பன் எழுந்து போயாக வேண்டும். அவன் எதையும் திருடியிருக்க வேண்டியதில்லை.

மனக்காயம் வெள்ளைக்காரனுக்குத் தெரியாததல்ல. 1915-இல் சார்லஸ் மையர்ஸ் 'ஷெல் ஷாக்' பற்றி எழுதினார். அதே 1920-இல் பிரிட்டிஷ் அரசு தன் சிப்பாய்களின் மனக்கலக்கத்தை ஆராயக் கமிட்டி போட்டது. ரேகைப் பதிவேட்டில் இருந்தவனின் மனத்துக்குக் கமிட்டி இல்லை.

மீட்சிக்கு மூன்று படிகள் என்றார் ஜூடித் ஹெர்மன், 1992-இல்: பாதுகாப்பு, நினைவுகூர்ந்து துக்கித்தல், மறுபடி மனிதரோடு சேர்தல். 1947-இல் மாகாணத்தில் சட்டம் ரத்தானது, பாதுகாப்பு வந்தது. அதுவும் அரைகுறைதான், 1948-இலேயே வழக்கக் குற்றவாளிகள் சட்டம் வந்துவிட்டது. சேர்வதற்குப் பள்ளிக்கூடங்கள் இருந்தன. அவற்றுக்கு வைத்த பெயர் கள்ளர் சீரமைப்புப் பள்ளி. பெயரிலேயே பழைய தீர்ப்பு. நடுப் படியைத் தாண்டிவிட்டோம். துக்கம் இருக்க வேண்டிய இடத்தில் வீரத்தை உட்காரவைத்தோம்.

பாங்க்கில் தினமும் கைநாட்டு வாங்குகிறேன். பெருவிரலை மையில் வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிற கிழவர்கள் உண்டு. அது படிக்காத கூச்சமாகவே இருக்கலாம். அதற்கு மேல் அர்த்தம் பண்ண எனக்கு உரிமையில்லை. ஆனால் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். மறுத்தவன் 16 பேரில் ஒருவனாகித் தூணில் ஏறினான். பயந்து ரேகை வைத்து, சாவடியில் படுத்து, விடிந்ததும் உழப் போனவன் எந்தப் பக்கத்தில் ஏறினான்? பிள்ளைகளைக் காப்பாற்றியவனும் அவன்தான். 'பயந்தேன், வைத்தேன்' என்று அவன் பேரன் தாத்தாவுக்காக வெட்கமில்லாமல் சொல்ல முடிகிற நாளில்தான் காயம் ஆறத் தொடங்கும். அந்த வாக்கியத்துக்கு இடம்தராத வீரம், புண்ணைக் கழுவாமல் போட்ட கட்டு.