வண்டில் சில்லும் பெட்டி டயரும்: கிரான் வயல்வழியின் கதை

கிரான், மட்டக்களப்பு மாவட்டத்தில் திருகோணமலை வீதியோரத்து ஊர். அதன் வயல்களில் பெரும்பகுதி மேற்கே, புலிபாய்ந்தகல் வழியாகப் போகும் படுவான்கரைப் பக்கம் கிடக்கிறது. விளைந்த நெல் அத்தனை தூரமும் கடந்து வீதிக்கு வந்தாக வேண்டும். மாரியில் அந்த வழி வெள்ளத்தில் மூழ்கும். கோடையில் புழுதி பறக்கும். எந்தச் சில்லு நிலைக்கும், எது கழன்றுபோகும் என்பதை நெடுங்காலம் தீர்மானித்தது இந்த வழிதான்.

முதலில் ஓடியது மாட்டு வண்டில். அதன் சில்லின் நடுவில் குடம், அதிலிருந்து பிரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வளைந்த வட்டைத் துண்டுகள், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க இரும்புப் பட்டம். பட்டம் பூட்டுவதில்தான் கொல்லனின் திறமை தெரியும். மரச் சில்லின் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவாக இரும்பை வளைத்து ஒட்டி, வரட்டியும் சிரட்டையும் அடுக்கிய நெருப்பில் வட்டமாகப் படுக்கவைப்பார்கள். செந்நிறமாகி விரிந்ததும் குறட்டால் தூக்கிச் சில்லின்மேல் இறக்கி, சம்மட்டியால் தட்டி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்க, ஆரக்கால்கள் நெரிபடும் சத்தம் கேட்கும். வெயிலில் மரம் காய்ந்து பட்டம் தளர்ந்தால் திரும்பவும் கொல்லுப்பட்டறைதான். கெட்டித் தரையில் இந்தச் சில்லுக்கு நிகரில்லை. சேற்றிலோ ஒடுங்கிய பட்டம் கத்திபோல இறங்கிவிடும்.

சேற்றுக்கு விடையாக வந்தது ரப்பர் டயர். ரப்பர் மரம் 1876இலேயே இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொடத் தோட்டத்தில் வேர்விட்டது. டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888இல். இலங்கையில் ரப்பர் பால் வடிந்ததெல்லாம் மழை மிகுந்த தென்மேற்கில். வறண்ட மட்டக்களப்பு ரப்பரைக் கண்டது டயராக மட்டுமே. 1930களில் இந்தியாவில் மாட்டு வண்டிக்கென்றே டயர் விற்கப்பட்டது. அகன்ற டயர் பாரத்தைப் பரப்பித் தாங்குவதால் அதே சோடி மாடு கூடுதல் மூடை இழுத்தது. ஆனால் முள் குத்தினால் வண்டில் வயல் நடுவே நின்றுவிடும். இரும்புப் பட்டத்துக்கு அந்தக் கவலை இருந்ததில்லை.

அடுத்து வந்தது உழவு இயந்திரம். 1950களில் அறிமுகமான இருசில்லு இயந்திரமான 'லேண்ட்மாஸ்டர்', ரே விஜேவர்தனவின் பெயரோடு சேர்ந்தது. பின்னாளில் வேறு கம்பனிகளின் இயந்திரங்கள் வந்தபோதும் பழைய பெயரே நிலைத்தது. உழும்போது டயரைக் கழற்றி இரும்புச் சில்லு பூட்டுவார்கள். பாரம் ஏற்றும்போது டயர் திரும்பி வரும். நான்குசில்லுப் பெரிய இயந்திரமோ களவெட்டியில் எருமைகளின் இடத்தையே பிடித்தது. கதிர்மேல் சுற்றிச் சுற்றி ஓடிச் சூடடித்தது அதன் டயர்தான்.

பின்னால் இழுபடும் பெட்டிக்கு என்ன டயர் போடுவது என்பது தனிக் கணக்கு. இழுக்கும் சில்லுக்குச் சேற்றைக் கவ்வ ஆழமான கட்டைகள் வேண்டும். அவை அம்புபோல ஒரே திசை பார்த்திருக்க வேண்டும், மாற்றிப் பூட்டினால் சேறு வழியாமல் அப்பிக்கொள்ளும். பெட்டிச் சில்லு தானாக எதையும் இழுப்பதில்லை. நெடுக்குக் கோடுள்ள டயரே அதற்குப் போதும். அதனால்தான் லொறியில் தேய்ந்த டயரும், 'டாக்' என்று சொல்லப்படும் மேற்பட்டை மாற்றிய டயரும் பெட்டிக்கு வந்துசேர்ந்தன. 1960களில் சோவியத் உதவியோடு களனியில் அரசாங்க டயர்த் தொழிற்சாலை எழுந்த பிறகும் பெட்டிக்குப் புது டயர் வாங்குவது வீண்செலவாகவே பட்டது.

சிக்கனத்துக்கும் எல்லை உண்டு. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தேய்ந்தது என்று பூட்டினால் பெட்டி சரிந்து, பாரம் தாழ்ந்த பக்கத்திலேயே அமுங்கும். இரண்டும் ஒரே அளவாக, ஒரே பாரம் தாங்குவனவாக இருக்க வேண்டும். பெட்டி டயர் ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். பெரும்போக அறுவடை முடிந்து மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தால் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். கட்டை உயரமாக இருந்தும் முழுப்பாரம் ஏறியதும் அந்த இடமே பிளக்கும். 2000ஆம் ஆண்டிலிருந்து பக்கச்சுவரில் நான்கு இலக்கம் பொறிக்கப்படுகிறது: முதல் இரண்டு வாரம், மற்ற இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019இன் இருபத்துமூன்றாம் வாரத்தில் செய்த டயர். பழைய டயர் வாங்குபவர் கட்டையை விரலால் அளப்பதற்கு முன் அந்த இலக்கத்தைப் பார்ப்பது நல்லது.