காற்றுக்கும் லைசென்ஸ்!

உலகம் முழுக்க உள்ள 'ஹாம்' ரேடியோக்காரர்களுக்கு ஒரு விநோதப் பழக்கம் உண்டு. சொந்த டிரான்ஸ்மிட்டரில் எத்தனை நாட்டுக்காரர்களோடு பேசினோம் என்று கணக்கு வைப்பார்கள். பேசியதற்கு அத்தாட்சியாக ஒருவருக்கொருவர் தபால் அட்டை அனுப்பிக்கொள்வார்கள் (ஸ்டாம்பு சேர்ப்பது மாதிரி இதுவும் ஒரு பைத்தியம்!). எதையெல்லாம் தனி நாடாக எண்ணலாம் என்பதற்கு அமெரிக்க ஹாம் சங்கம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதன் கடைசியில் 'நீக்கப்பட்டவை' என்று ஒரு பகுதி. திபெத் அங்கே இருக்கிறது. 1975 ஏப்ரலோடு கணக்கு முடிந்த சிக்கிம் இருக்கிறது. கூடவே, 'பிரெஞ்சு இந்தியா'. அழைப்புக்குறி எஃப்.என்.8. கடைசி நாள், 1954 அக்டோபர் 31.

மறுநாள் என்ன நடந்தது என்று காரைக்கால் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். 1739-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்த ஊர் (நடுநடுவே ஆங்கிலேயர்கள் பிடுங்கியதும் உண்டு), புதுச்சேரியோடு சேர்ந்து இந்தியாவிடம் வந்தது 1954 நவம்பர் 1-ம் தேதி. மண் மட்டுமா கைமாறியது? தலைக்கு மேலே இருந்த காற்றும்தான்! முதல் நாள் வரை எஃப்.என்.8 ஆக இருந்த வானம், விடிந்ததும் இந்தியாவின் 'வி.யு.' ஆகிவிட்டது.

"காற்றுக்கு எதுக்குய்யா ஓனர்?" என்று நீங்கள் கேட்கலாம். அரசாங்கங்கள் அப்படி நினைத்ததே இல்லை. பிரான்ஸில் 1837-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். அனுமதியில்லாமல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு சமிக்ஞை அனுப்பினால் ஒரு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஜெயில். வயர்லெஸ் என்ற ஒன்று பிறக்காத காலம் அது! பிரிட்டிஷ் இந்தியா 1885-ல் தந்திச் சட்டம் கொண்டுவந்தது. 1933-ல் வயர்லெஸ் கருவி வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும் என்றது.

பயம் காரணமில்லாமல் வரவில்லை. 1939-ல் உலகப் போர் மூண்டதும் ஹாம் லைசென்ஸ்களை எல்லாம் ரத்து செய்து, கருவிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள். அப்படியும் 1942 ஆகஸ்டில் பம்பாயில் ரகசிய 'காங்கிரஸ் ரேடியோ' முழங்கியது. மூன்று மாதத்துக்குள் போலீஸ் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. உஷா மேத்தாவுக்கு நாலு வருடம் சிறை. வெள்ளைக்காரன் போனான். அவன் எழுதிய தந்திச் சட்டத்தின் இடத்தில் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் ஒன்றை இயற்ற நாம் 2023 வரை எடுத்துக்கொண்டோம் என்பது தனிக்கதை.

சரி, கடற்கரைக்கு வருவோம். காரைக்காலிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே, வங்கக் கடலைத் தாண்டினால் போர்ட் பிளேர். அந்தமானில் ஹாம் ரேடியோ இயக்க அனுமதி வாங்குவது குதிரைக்கொம்பு. 1987-க்குப் பிறகு அங்கிருந்து யாரும் பேசியதில்லை. டெல்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி விடாமல் முயன்று அனுமதி வாங்கி, 2004 டிசம்பரில் ஒரு குழுவோடு போய் இறங்கினார். உலகம் முழுக்க ஹாம்கள் அவரோடு பேச வரிசை கட்டி நின்றார்கள். எல்லாம் அந்தத் தபால் அட்டைக்காகத்தான்!

டிசம்பர் 26. காலை ஆறரை மணி வாக்கில் ஓட்டல் அறை ஆடியது. தொலைபேசிகள் செத்துப்போயின. விளையாட்டுக்கு வாங்கிய லைசென்ஸ் ஒரே காலையில் உயிர்நாடியாகிவிட்டது. யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே என்ன தேவை என்ற தகவல்கள் பாரதி குழுவின் ரேடியோ வழியாகத்தான் கடல் தாண்டிப் போயின.

ஆனால், கடல் கிளம்பி வருகிறது என்று இந்தக் கரையில் யாருக்கும் தெரியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. எச்சரிக்கத்தான் ஏற்பாடு இல்லை. இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் வந்ததே 2007-ல்தான். காரைக்கால்மேடு, கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி... காரைக்கால் கரையோரக் கிராமங்களில் அந்த ஞாயிற்றுக்கிழமை நூற்றுக்கணக்கானவர்களைக் கடல் கொண்டுபோனது.

மையத்திலிருந்து இப்போது எச்சரிக்கை வரும். வந்த செய்தி கடைசிக் குப்பம் வரை போக வேண்டுமே? 2018 நவம்பரில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியபோது செல்போன் டவர்கள் சாய்ந்ததைப் பார்த்தோம். இங்கேதான் 'ரிப்பீட்டர்' வருகிறது. கையடக்க வாக்கி டாக்கியின் பலம் பெரும்பாலும் ஐந்து வாட்தான். அதன் அலை கண்ணுக்கெட்டிய தூரம் வரைதான் போகும். உயரமான இடத்தில் ரிப்பீட்டரை வைத்தால், அந்தக் குரலை ஓர் அலைவரிசையில் வாங்கி, இன்னொன்றில் பலமாகத் திருப்பி அனுப்பும். டிஜிட்டல் என்றால் இன்னும் சமர்த்து. டி.எம்.ஆர். முறையில், நேரத்தைப் பொடிப்பொடியாகப் பங்கு பிரித்து ஒரே அலைவரிசையில் இரண்டு உரையாடல்களை ஓட்டும்.

டெல்டாவில் சிக்கல் வேறு. மலையே கிடையாது! பக்கத்தில் நாகூர் தர்காவின் பெரிய மினாராவே 131 அடிதான். ஆகவே கம்பம் நட வேண்டும். கம்பம் என்றால் காகிதம். பேசுகிறவர் முதலில் பரீட்சை எழுதித் தேற வேண்டும், போலீஸ் விசாரணை முடிய வேண்டும். லைசென்ஸ் தருவது மத்திய தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு. ஆளில்லாமல் தானே இயங்கும் ரிப்பீட்டருக்குத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். எந்த இடம், எவ்வளவு உயரம், எந்த அலைவரிசை, யார் பொறுப்பு? எல்லாவற்றுக்கும் பதில் வேண்டும். சங்கேத மொழிக்கு இடமில்லை. டிஜிட்டலானாலும் மற்றவர்கள் கேட்டுப் புரிந்துகொள்ளும்படி இருக்க வேண்டும். இதையெல்லாம் கெடுபிடி என்று நான் தள்ளிவிட மாட்டேன். கடலோரம், எல்லை, போர் என்று யோசிக்கிற அரசாங்கம் கேள்வி கேட்கத்தான் செய்யும். தாமதம்தான் உறுத்துகிறது.

காரைக்காலின் விசித்திரத்தையும் பாருங்கள். ஊரை ஆளும் புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி. சுற்றிலும் தமிழ்நாடு. காற்றுக்கான அனுமதியோ டெல்லியில். ஆனால், அங்கே ஒரு கம்பம் நின்றால் அதன் அலை திருமலைராயன்பட்டினத்தோடு நிற்காது. வாஞ்சூர் செக்போஸ்ட்டில் யாரையும் கேட்காமல் நாகூருக்குள் நுழைந்துவிடும். பேட்டரி இருந்தால் கரன்ட் போனாலும் ஓடும்.

கம்பம் நட்டு, காகிதம் வாங்கி, குப்பத்துக்கு நாலு பிள்ளைகளைப் பரீட்சை எழுத வைத்துப் பேசப் பழக்குவதெல்லாம் சித்திரை, வைகாசியில் செய்கிற வேலை. ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவக்காற்று வந்துவிடும்.